ஊசிக்கு முன்னால் ஒரு பரிசோதனை

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், நோய்க்குறியியல் மருத்துவராகப் பணியாற்றும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் நோயாளிகளை நேரில் பார்க்கும் டாக்டர் இல்லை. உங்கள் உடம்பிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது என்ன நோய் என்று எழுதிக் கொடுப்பவள். ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து இருக்கும், என் முகம் உங்களுக்குத் தெரியாது. இன்று மேடையில் நிற்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு விண்ணப்பம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முன்பே கரண்ட் வைத்துக் குணமாகி, இரண்டு வருடம் கழித்து நுரையீரலில் திரும்பி வந்திருக்கிறது. கணவர் எழுதியிருந்தார்: "இம்யூனோதெரபி ஊசி போட்டால் பிழைப்பார் என்று சொல்கிறார்கள். வீட்டு மனையை விற்க ஆள் பார்த்துவிட்டேன். மீதிக்கு அறக்கட்டளை உதவ வேண்டும்." கூடவே ஐம்பது பக்கம் ஜெராக்ஸ். எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. அந்த ஊசி இந்தக் கட்டியில் வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை செய்யப்படவே இல்லை.

அந்தப் பரிசோதனையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் அது புரிய வேண்டுமானால் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு மட்டும் உள்ள விஷயம் என்று ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். மனையை விற்பது நீங்கள்தான்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் ஒரு வைரஸால் வருவது. எச்பிவி என்று பெயர். இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் 16, 18 என்று எண் போட்ட இரண்டு வகைகள்தான் பத்தில் ஏழு பேருடைய நோய்க்குக் காரணம். இது மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ். திருமண வாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து, தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் புற்றாக மாறும். ஆகவே நோய் வந்தவரின் ஒழுக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம். நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு ராத்தா தன் நோயை மருமகளிடம்கூட மறைத்து, மூலம் என்று சொல்லிக்கொண்டே ஒரு வருடம் ஓட்டியதை நான் அறிவேன்.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இப்போது ஒரு கேள்வி வரும். வைரஸ் என்றால் அந்நியன். அந்நியன் நுழைந்தால் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சும்மா விடுமா? விடக்கூடாதுதான். புற்றான செல்லுக்குள் இந்த வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் இருந்துகொண்டே இருக்கும். டி செல் என்று சொல்கிற நம் காவல் செல்கள் அதை அடையாளம் கண்டு, கட்டியைச் சுற்றி வந்து குவியவும் செய்கின்றன. மைக்ராஸ்கோப்பில் நான் அதைப் பார்க்கிறேன். நீல நிறப் பொட்டுப் பொட்டாகக் கட்டியைச் சூழ்ந்து நிற்கும். நிற்கும், ஆனால் அடிக்காது.

ஏன்? டிரைவிங் ஸ்கூல் காரை நினைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், சொல்லிக் கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக். டி செல்லிலும் அப்படி ஒரு பிரேக் வைக்கப்பட்டிருக்கிறது. பிடி-1 என்று பெயர். காவல் செல்கள் வெறிபிடித்து நம் உடம்பையே அடித்துவிடாமல் இருக்க வேண்டிய ஏற்பாடு அது. புற்றுநோய் செய்யும் தந்திரம் என்னவென்றால், சொல்லிக் கொடுப்பவரின் சீட்டில் போய் உட்கார்ந்து அந்த பிரேக்கை மிதித்துக்கொள்வது. மிதிக்கும் காலுக்குப் பெயர் பிடி-எல்1.

பிடி-1ஐ 1992-ல் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தசுகு ஹொன்ஜோ. இதே மாதிரி வேறொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனோடு சேர்த்து 2018-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று இம்யூனோதெரபி ஊசி என்று நீங்கள் கேள்விப்படுகிற பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் எல்லாம் அந்தக் கால் பிரேக்கில் படாமல் தடுக்கும் மருந்துகள். கீமோ மாதிரி செல்லைக் கொல்லும் மருந்து இல்லை. பிரேக்கை விடுவிக்கும், அவ்வளவுதான். வண்டியை ஓட்ட வேண்டியது உங்கள் டி செல்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி எளிது. இந்தக் கட்டி அந்த பிரேக்கை மிதிக்கிறதா? மிதிக்கவே இல்லை என்றால், தடுப்பு மருந்து கொடுத்து என்ன பயன்?

இதைப் பார்ப்பதற்குத்தான் பிடி-எல்1 பரிசோதனை. இப்படி ஒரு மருந்து யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிக் காட்டும் அடையாளத்தை பயோமார்க்கர் என்கிறோம். புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் பழைய பயாப்சியே போதும். அந்தச் சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக வைத்திருப்போம். பிளாக் என்போம். அதிலிருந்து முடியைவிட மெல்லியதாகச் சீவி, ஒரு சாயம் ஏற்றுவோம். பிடி-எல்1 இருக்கும் செல் பழுப்பாகத் தெரியும். அதன் பிறகு எண்ண வேண்டும். ஆமாம், கண்ணால் எண்ணுவதுதான். பழுப்பான புற்றுச் செல்கள் எத்தனை, பழுப்பான எதிர்ப்புச் செல்கள் எத்தனை, இரண்டையும் கூட்டி, மொத்தப் புற்றுச் செல்களால் வகுத்து, நூறால் பெருக்குவோம். 200 புற்றுச் செல்லில் 10 பழுப்பு, பக்கத்தில் 6 எதிர்ப்புச் செல்கள் பழுப்பு என்றால் 16ஐ 200ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 8. இந்த எண்ணுக்கு சிபிஎஸ் என்று பெயர். ரிப்போர்ட்டில் இந்த மூன்று எழுத்தைத் தேடுங்கள். 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்கிறோம்.

குறைந்தது நூறு உயிருள்ள புற்றுச் செல்லாவது துணுக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ண முடியாது. "போதாது, மறுபடி பயாப்சி எடுங்கள்" என்று நான் எழுதி அனுப்பும்போது குடும்பத்தார் என் மேல் கோபப்படுவது உண்டு. லேபில் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்கிறார்கள். இருபது செல்லை வைத்து எண் சொல்வது உங்களை ஏமாற்றுவது, அதனால்தான் எழுதுகிறேன்.

பலன் எப்படி என்பதற்கு வருகிறேன். இங்கே உற்சாகமாகவும் பேசலாம், சோர்வாகவும் பேசலாம். எண்ணை மட்டும் சொல்கிறேன்.

கீநோட்-158 என்ற ஆய்வில், நோய் முற்றிய அல்லது திரும்பி வந்த 98 பெண்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்தார்கள். 82 பேருக்குப் பிடி-எல்1 பாசிட்டிவ். கட்டி நன்றாகச் சுருங்கியது 12 பேருக்கு. அந்த 12 பேரும் பாசிட்டிவ் ஆனவர்கள். நெகட்டிவ் ஆனவர்களில் ஒருவருக்குக்கூட சுருங்கவில்லை. இதை வைத்துத்தான் 2018 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம், கீமோவுக்குப் பிறகும் நோய் வளர்ந்த பெண்களுக்கு, சிபிஎஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும், என்று அனுமதி கொடுத்தது.

கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். பாசிட்டிவான 82 பேரில் 70 பேருக்குக் கட்டி அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. "டெஸ்ட் பாசிட்டிவ் வந்துவிட்டது, இனி குணம்தான்" என்று ஒரு சகோதரர் ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று பேசியிருக்க வேண்டும். இன்று பேசுகிறேன்.

கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டது. கீநோட்-826 என்ற ஆய்வு, 617 பெண்கள், 2021-ல் வெளிவந்தது. பாசிட்டிவ் ஆனவர்களில், கீமோவோடு இந்த ஊசியும் போட்டவர்களில் நூற்றுக்கு 53 பேர் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். ஊசி இல்லாமல் கீமோ போட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர். நூற்றுக்குப் பதினோரு பேர் கூடுதல். பதினோரு உம்மாக்கள் என்று எண்ணிப் பாருங்கள், சின்னது இல்லை. ஆனால் சிபிஎஸ் 1க்குக் கீழே இருந்த சிறிய கூட்டத்தில் அந்தப் பலன் தென்படவில்லை.

இத்துடன் நிறுத்தினால் நான் முழு உண்மையைச் சொன்னவள் ஆகமாட்டேன். எல்லா மருந்துக்கும் இந்த எண் ஒரே மாதிரி வழிகாட்டுவதில்லை. செமிப்ளிமாப் என்ற மருந்தை 608 பெண்களிடம் பார்த்தபோது, பிடி-எல்1 பார்க்காமலே சேர்த்த அந்தக் கூட்டம் முழுவதிலும் ஆயுள் நடுத்தரமாக எட்டரை மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகக் கூடியது. அடிசோலிசுமாப் மருந்தைக் கீமோவோடும் பெவாசிசுமாபோடும் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் பிடி-எல்1 பார்க்காமலே சேர்த்தார்கள், அங்கும் பலன் வந்தது. முதல் சிகிச்சையாகக் கரண்ட், கீமோவோடு பெம்ப்ரோலிசுமாபையும் சேர்ப்பதற்கு, மூன்றாம் நிலை நோய்க்கு, அமெரிக்காவில் 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அதற்கும் இந்த எண் தேவை என்று விதிக்கவில்லை. அதே இடத்தில் துர்வாலுமாப் என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வோ தோற்றுப் போனது. ஆகவே எந்த மருந்து, எந்தக் கட்டத்தில் என்று பார்த்துத்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. உங்கள் டாக்டரிடம், "என் மனைவிக்கு நீங்கள் சொல்லும் மருந்துக்கு பிடி-எல்1 பார்க்க வேண்டுமா? பார்த்தாயிற்றா? எண் எவ்வளவு?" என்று கேளுங்கள். மூன்று கேள்வி. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேறு இரண்டு அடையாளங்களும் உண்டு. எம்எஸ்ஐ என்பது ஒன்று, டிஎம்பி என்பது இன்னொன்று. செல்லில் மரபணுப் பிழைகள் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவை. எந்த உறுப்பில் புற்று என்றாலும் இவை உயர்ந்திருந்தால் பெம்ப்ரோலிசுமாப் யோசிக்கலாம் என்று 2017லும் 2020லும் அனுமதி தந்தார்கள். கர்ப்பப்பை வாயில் எம்எஸ்ஐ உயர்ந்திருப்பது அரிது. எல்லாரும் ஓடிப்போய் எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டாம்.

முக்கியமான ஒன்று. இந்த நோய் வந்த எல்லாருக்கும் இம்யூனோதெரபி வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் ஆபரேஷன் போதும். அடுத்த நிலையில் கரண்டும் வாரா வாரம் சிஸ்பிளாட்டினும். வெளியே வைக்கும் கரண்ட், பிறகு உள்ளே வைக்கும் கரண்ட், இரண்டையும் எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். இழுத்தால் பலன் குறையும். சிலர் பாதியில் நிறுத்திவிட்டு, "உள்ளே வைக்கிறது வேண்டாம், ஊசி போட்டுக்கொள்கிறோம்" என்று வருகிறார்கள். கூச்சமும் பயமும்தான் காரணம், எனக்குப் புரிகிறது. பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், மயக்க மருந்து கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் நிறுத்தாதீர்கள். குணமாக்கக்கூடிய சிகிச்சையை விட்டுவிட்டு, ஆயுளை நீட்டக்கூடிய சிகிச்சைக்குப் பின்னால் போவது கைப்பொருளை விட்டுவிட்டுக் கானலைத் துரத்துவது.

பக்க விளைவையும் சொல்ல வேண்டும். பிரேக்கை விடுவித்தால் வண்டி எங்கும் போகும். டி செல்கள் தைராய்டைத் தாக்கலாம், குடலை, கல்லீரலை, நுரையீரலைத் தாக்கலாம். நாளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சுத்திணறல், தாங்க முடியாத அசதி என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சஹர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. கடைசி ஊசி போட்டுப் பல மாதம் கழித்தும் இது வரலாம். மூட்டுவாதம், லூபஸ், கிட்னி மாற்று சிகிச்சை எதுவும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பணம். பரிசோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய். ஊசி ஒரு தடவைக்கே லட்சக்கணக்கில், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, தாங்கினால் இரண்டு வருடம் வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வருடம் முன்பு, இந்த அறக்கட்டளைக்கு வராமல் போன ஒரு குடும்பம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையைக் கொடுத்து நான்கு ஊசி போட்டார்கள். ஐந்தாவதுக்குப் பணம் இல்லாதபோதுதான் பிளாக் என் மேசைக்கு வந்தது. சிபிஎஸ் பூஜ்யம். நான் இரண்டு தடவை எண்ணினேன். இன்னொரு டாக்டரையும் எண்ணச் சொன்னேன். பூஜ்யம்தான். அந்த உம்மா அடுத்த மாதம் மௌத்தானார்கள். ஊசி போடாவிட்டாலும் அது நடந்திருக்கும், ஆயுள் யார் கையில் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் பிள்ளையின் நகை போயிருக்காது. வலிக்கு மார்ஃபினும் வீட்டிலே கவனிக்க ஒரு நர்சும் வைக்க அந்தப் பணம் போதும், மீதியும் இருக்கும்.

அதனால் மருத்துவ உதவிக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். இங்கேயும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இம்யூனோதெரபிக்கு உதவி கேட்டு வரும் குடும்பத்துக்கு முதலில் பரிசோதனைச் செலவை நாம் கொடுப்போம். ரிப்போர்ட் வந்த பிறகு மருந்தைப் பற்றிப் பேசுவோம். இதைக் கேட்டு, "டாக்டரம்மா உதவியைத் தடுக்கிறார்" என்று சிலர் வருத்தப்பட்டதாகச் சொன்னார்கள். பரவாயில்லை. ஒரு பூஜ்யம் வந்த குடும்பத்துக்குப் போகவிருந்த தொகை, எட்டு வார கரண்ட் சிகிச்சைக்கு ஊரிலிருந்து வந்து தங்க இடமில்லாமல் தவிக்கும் எத்தனை பேருக்கு அறை வாடகையும் சாப்பாடும் ஆகும் என்று குழுவினரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மருந்துக் கம்பெனிகள் சில நோயாளிகளுக்குச் சலுகைத் திட்டம் வைத்திருக்கின்றன, அதையும் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டில் எது சேரும் என்பதை அங்கே உள்ள காப்பீட்டு மேசையிலேயே கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் கீமோ மாத்திரைகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16லிருந்து 43 ஆகக் கூடினார்கள். ஏழை நாட்டுக்கு ஏற்ற யோசனை, எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அது வேறு உறுப்பின் நோய். கர்ப்பப்பை வாய்க்கு அப்படியே பொருந்தும் என்று யாராவது சொன்னால், எந்த ஆய்வு என்று கேளுங்கள்.

சகோதரிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் கடைசிக் கட்டத்துச் சங்கதி. இங்கே திண்டுக்கல் மாவட்டத்தில்தான், 30லிருந்து 59 வயது பெண்களுக்கு வெறும் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் உள்ள அதே திரவம், தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் சோதனையை ஊர் ஊராகச் செய்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. இந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள், பெண்கள். ஐந்து நிமிட வேலை. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால், உறவுக்குப் பின் இரத்தம் வந்தால், வாடையோடு வெள்ளைபட்டால், மாப்பிள்ளை சவூதியிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 9லிருந்து 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டிலேயே தயாரிக்கும் செர்வாவேக் 2023-ல் வந்துவிட்டது.

அந்த விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் மனைவியின் பழைய பிளாக் இருக்கிறதா என்று கேட்டேன். பிளாக் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது. பயாப்சி எடுத்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வாங்கி வந்தார். கேட்டால் கொடுப்பார்கள், அது உங்களுடையது. சிபிஎஸ் 20 வந்தது. கீமோவோடு ஊசி ஆரம்பித்தார்கள், அறக்கட்டளையும் ஒரு பங்கு கொடுத்தது. இப்போது எட்டாவது மாதம். போன ஸ்கேனில் நுரையீரல் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. தைராய்டு போய்விட்டது, தினமும் மாத்திரை போடுகிறார்கள். அடுத்த ஸ்கேனில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. மனையில் பாதியை மட்டும் விற்றிருக்கிறார்.

சிகிச்சையில் இருப்பவர்களின் கோப்பைக் கொண்டு வந்தவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து அறைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. பிளாக் கையில் இருப்பவர்கள் தயவுசெய்து அதை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் டிக்கியிலோ விட்டு வராதீர்கள். மெழுகு உருகிவிடும்.